காயட்டும் பாய்

ஓசூர் வண்டிப்பேட்டைக்கு எதிரில் கலர்ப்பொடிக் கடை வைத்திருந்த அந்த மனிதருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. ஊரில் வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. 'காயட்டும் பாய்' என்றால் போதும், கடை வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அவர் காதுபடவே அப்படித்தான் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபமே வந்தாலும் முதலில் அது காயட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

கடையில் ஐந்தாறு சாக்குகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சுண்ணாம்பு, காவி, மஞ்சள் மண், நீலம், பச்சை. இவற்றைக் கலந்து அவரே கூட்டிய பொடிகள் தகர டப்பாக்களில் இருக்கும். கடைக்குள் எந்த டப்பாவிலும் பெயர் எழுதியிருக்காது. கடையின் பக்கச் சுவர்தான் அவருடைய மாதிரிப் புத்தகம். உள்ளங்கை அகலத்துக்கு உள்ளங்கை அகலம், நூறு பூச்சாவது அதில் இருக்கும். வந்தவர்கள் அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டவேண்டும். தொட்டவுடன் பொடி கிடைத்துவிடும் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு.

"ஒரு கைப்பிடி எடுத்துட்டுப் போங்க. உங்க வூட்டுச் செவுத்துல ஒரு கையகலம் பூசுங்க. காயட்டும். அப்புறம் வாங்க."

அந்தக் கைப்பிடிக்குக் காசு வாங்கமாட்டார். அது காய்ந்து, நீங்கள் பார்த்து, திரும்பி வந்து இதுதான் வேண்டும் என்று சொல்லும்வரை மிச்சத்தைத் தரவும் மாட்டார். தராசு பக்கத்திலேயே தொங்கும். அதைத் தொடமாட்டார்.

"ஈரத்துல எல்லாக் கலரும் அழகாத்தாங்க இருக்கும்," என்பார். இதைச் சொல்லும்போது குரலில் உபதேசம் எதுவும் இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற தொனிதான்.

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். மகளுக்குக் கல்யாணம். வீடு முழுக்க ரோஜா நிறம் அடிக்கவேண்டும், மூட்டையோடு கொடு என்றார். பாய் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். மாந்தோப்புக்காரர் போட்ட சத்தத்தில் பேட்டையிலிருந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. "கல்யாணம் எனக்கா உனக்கா?" என்று கேட்டார். பாய், "உங்க பொண்ணுக்குங்க," என்றார். மூன்றாம் நாள் அதே மனிதர் வந்தார். சத்தம் இல்லை. ஈரத்தில் ரோஜாவாக இருந்தது காய்ந்ததும் பல் ஈறு நிறத்துக்கு வந்துவிட்டதாம். வேறு கலர் காட்டச் சொன்னார். பாய் இன்னொரு கைப்பிடியை மடித்தார்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது என்று சொல்லமுடியாது. பலகை இருந்தது, எழுத்துதான் இல்லை. ஊர் எந்த மாகாணத்துக்குப் போகும் என்று டீக்கடையில் நாற்காலிகளைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சிலர் தமிழ்ப் பலகையை எடுத்துவிட்டுக் கன்னடத்தில் எழுதினார்கள், சிலர் கன்னடத்தை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினார்கள். தெலுங்கும் சேர்த்து மூன்றிலும் எழுதி இடம் போதாமல் தவித்தவரும் உண்டு. பாய் பலகைக்கு வெள்ளை மட்டும் அடித்து மாட்டினார். என்ன பாய் இது என்று கேட்டதற்கு, "காயட்டும்," என்றார். முடிவு வந்து எல்லாம் அடங்கிய பிறகும் அது வெள்ளையாகவேதான் இருந்தது. மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டாரா தெரியாது.

அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு மதியம் வருவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "கம்பவுண்டரே, என்னைக் கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசம் ஆவுது. இன்னும் ஈரமாத்தான் இருக்கேனாம். அதான் நல்லா இருக்கே, இல்லேன்னு இவரு வாயில ஒரு வார்த்தை வரலே," என்றார். பாய் தூக்கைத் திறந்து சோற்றைத் தொட்டுப் பார்த்து, ஆறட்டும் என்று மூடிவைத்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் அப்போது கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன். காத்திருப்பது என்பது என் உடம்புக்கே ஆகாது. பஸ் நிற்பதற்குள் குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன். எனக்கும் பாய்க்கும் ஒத்துப்போகாது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம். ஆனாலும் வேலை முடிந்து வரும்போது அந்தக் கடையில் கால்மணி நேரம் உட்காராமல் வரமாட்டேன். ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. இந்த மனிதரால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று பார்க்கத்தான் போனேன் போலிருக்கிறது.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

என் மனைவி ராயக்கோட்டைக்காரி. எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே ஜனம்தான், பூர்வீகம் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு தாத்தா காலத்தோடு போய்விட்டது. அவர்கள் வீட்டில் இன்னும் அதுதான் பேச்சு. என் மாமியார் என்னிடம் பேசும்போது தமிழை எடுத்து உடுத்திக்கொள்வார், திரும்பியதும் கழற்றிவிடுவார்.

முதல் குழந்தை ராயக்கோட்டையில் பிறந்தது. மூன்றாம் மாதம் ஓசூருக்கு அழைத்துவந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனதோடு, குழந்தை வருகிறது என்று உள்ளே முழுக்கப் புதிதாகப் பச்சை அடித்து வைத்திருந்தார். அடைமழைக் காலம். வந்த நாலாம் நாள் குழந்தைக்குச் சளி கட்டியது. பத்து நாளில் போய்விட்டது. ஐந்தாம் மாதம் குலசாமி கோயிலில் வைத்துப் பெயர் சூட்டலாம் என்று இருந்தோம். அதனால் அதற்குப் பெயரும் இல்லை. பாப்பா பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். இறந்த குழந்தையைப் பற்றிப் பேசவேண்டும் என்றால்கூட எங்களுக்குச் சொல்ல ஒரு பெயர் கிடையாது.

அன்று மாமியார் சுவரைப் பார்த்து அழுதார். "இந்தப் பச்ச செவுருதான் எமனாச்சு," என்றார். அந்த வார்த்தை என் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. வேறு நிறம் அடித்துவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். என் மனைவி, "செவுத்தைத் தொடாதீங்க," என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். துக்கத்தை அப்படியே வைத்திருக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி பெண் குழந்தை. ராயக்கோட்டையில்தான். மூன்றாம் மாதம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை, மச்சினன் தக்காளிக்கூடையோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, வர்ற வெள்ளிக்கிழமை அக்காவையும் பாப்பாவையும் கூட்டிட்டு அம்மா வருது. ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. பச்ச செவுரு ஆவாதாம். பச்ச செவுரா இருந்தா வாசல்லயே திரும்பிருவேன்னு கண்டிசனா சொல்லிருச்சு."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு நாளில் பச்சையை மறைத்தாகவேண்டும். இல்லாவிட்டால் மனைவியும் இல்லை, மகளும் இல்லை. மகளை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கடையில் நின்றேன். என்ன நிறம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பாதி சந்தேகம்தான். ஒருநாள் கடைச் சுவரைத் தாண்டிப் போகும்போது என் மனைவி, "இந்தக் கலரு கண்ணுக்கு இதமா இருக்குது," என்று கை நீட்டினாள். அவள் நீட்டிய இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூச்சுகள். ஒன்று சந்தனம், இன்னொன்று பிஸ்கோத்து. இரண்டும் வெளுத்த மஞ்சளும் லேசான செம்மண்ணும் கலந்த மாதிரி. அவள் எதைக் காட்டினாள் என்று கேட்காமல் வந்தவன் நான்.

"என்ன விசேசம்?" என்றார் பாய்.

"வெள்ளிக்கிழமை விருந்தாளி வராங்க," என்றேன். மாமியார் மிரட்டினார் என்று கடைத்தெருவில் சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

"விருந்தாளி செவுத்தையா பாக்க வராங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கைப்பிடியை இரண்டு காகிதத்தில் மடித்தார்.

கூடத்துச் சுவரில் இரண்டையும் பூசினேன். ஈரத்தில் சந்தனம் கருப்பட்டி மாதிரி இருந்தது. பிஸ்கோத்து கொஞ்சம் சிவப்படித்தது. அன்று பிடித்தது தூறல். ஓசூர்த் தூறல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பெய்கிறதா நின்றதா என்று அதற்கே தெரியாது. போர்வைகூடச் சில்லென்று இருக்கும். செவ்வாய்க்கிழமை சுவரைப் பார்த்தேன். ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. அது போதும் என்று கடைக்கு ஓடினேன்.

"பாய், சந்தனமே கொடுத்துருங்க."

"காஞ்சிருச்சா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டக் காயறதுன்னு ஒண்ணு கிடையாதுங்க," என்றவர், நான் பொய் சொல்கிறேன் என்று சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார். புறங்கையைப் பூச்சின் மேல் வைத்தார். "உள்ளங்கையில வேலை பாத்துப் பாத்து மரத்துப்போயிருது. புறங்கைக்குத்தான் ஈரம் தெரியும்." இரண்டு பூச்சிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "காயலே."

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் இரண்டின் மேலும் இன்னொரு பூச்சு கனமாகப் பூசினேன், நிறமாவது தெளிவாகத் தெரியட்டும் என்று. ஈரத்தின் மேல் ஈரம். பிறகு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும் போட்டேன்.

"பொடி விக்கத்தானே கடை வெச்சிருக்கீங்க? எனக்கு எதுவா இருந்தாலும் சரி. ரெண்டுல ஒண்ணைக் கொடுங்க. நான் அடிச்சுக்கறேன். நல்லா இல்லேன்னா உங்க மேல குத்தம் சொல்லமாட்டேன்."

"எங்கிட்ட சொல்லமாட்டீங்க. தெனம் காலையில எந்திரிச்சு அந்தச் செவுத்துக்கிட்ட சொல்வீங்க," என்றார்.

"நீங்க கல்லு பாய். மனுசனே இல்ல."

என் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் காவி மூட்டைப் பக்கம் ஓடியது. பாய் அதைச் சாக்கால் துடைத்தார். நான் இனி இந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பேட்டையில் இன்னொரு கடை இருந்தது. அங்கே அன்று பச்சையைத் தவிர எல்லாம் தீர்ந்திருந்தது. வியாழக்கிழமை பூராவும் பாயைத் திட்டிக்கொண்டே மாடுகளுக்கு மருந்து புகட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் வந்தார். பின்னால் என் மனைவி, அவள் தோளில் துணிக்குள் மகள். நான் வாசலில் குற்றவாளி மாதிரி நின்றேன். எனக்குப் பின்னால் வீடு முழுக்கப் பச்சை. நடுவில் கொடி மாதிரி இரண்டு பூச்சு.

மாமியார் என் மனைவியை வாசலிலேயே நிற்கச் சொன்னார். என்னைத் தாண்டி உள்ளே போனார். நிறத்தை அவர் பார்க்கவே இல்லை. புறங்கையைச் சுவரில் வைத்தார். பாய் வைத்த அதே மாதிரி. கிழக்குச் சுவர், அடுப்பங்கரைச் சுவர், தொட்டில் கட்டும் மூலை. குனிந்து தரைக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்.

நிமிர்ந்து, வாசலைப் பார்த்துச் சொன்னார்: "பச்சி லேது. லோப்பலிக்கி ரா."

பச்சை இல்லை, உள்ளே வா. நாலு பக்கமும் பச்சையை வைத்துக்கொண்டு பச்சை இல்லை என்கிறார். துக்கத்தில் இவருக்குக் கண் போய்விட்டதா என்று பயந்துவிட்டேன். அடுத்து அவர் கை என் பூச்சுகளின் மேல் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இங்க மட்டும் பச்சி. யாரு மாப்ளே பூசுனது? பச்ச செவுரு ஆவாதுன்னு அத்தனை தடவ சொல்லி அனுப்புனேனே!"

"அத்தே," என்றேன், "செவுரு முழுக்கப் பச்சதானே?"

"எங்க பச்ச? நல்லா காஞ்சுல்ல இருக்குது!"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அவர்கள் வீட்டுத் தெலுங்கில் 'பச்சி' என்றால் ஈரம், காயாதது. 'பச்சி கோட' என்று மாமியார் சொன்னதை மச்சினன் தமிழாக்கி 'பச்ச செவுரு' என்று கொண்டுவந்து கொடுத்தான். பச்சை மண், பச்சை உடம்பு என்றெல்லாம் தினமும் சொல்கிற எனக்கு அது உறைக்கவில்லை. சுவரும் பச்சையாகவே இருந்து தொலைத்ததுதான் வினை. அன்று மாமியார் எமன் என்று சொன்னது ஈரத்தை. சுவரைத் தொடாதீர்கள் என்று என் மனைவி சொன்னதும் அதனால்தான். நான் ஒருத்தன்தான் இரண்டு வருஷமாக ஒரு நிறத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் மட்டும் செவ்வாய்க்கிழமை பொடியைக் கொடுத்திருந்தால் வீடு முழுக்கச் சொதசொதவென்று ஈரத்தை ஏற்றி, அதற்குள் ஒரு பச்சைக்குழந்தையை வரவேற்றிருப்பேன். மாமியார் திரும்பியிருப்பார். அது பரவாயில்லை. திரும்பாமல் உள்ளே வந்திருந்தால்? அதை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப்பார்க்க முடியாது. மனைவி குழந்தையை என் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது. நல்ல சூடு.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. மதியத்துக்குள் இரண்டு பூச்சும் காய்ந்துவிட்டன. என் மனைவி வந்து நின்று பார்த்தாள். "இதுல எது சந்தனம், எது பிஸ்கோத்து?" என்று கேட்டாள். பூசியவன் நான். எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன. இதற்குத்தான் ஒரு மனிதரைக் கல்லு என்று சொல்லிவிட்டு வந்தோமா என்று இருந்தது.

மிதிப்பதில்லை என்று சொன்ன படியை மிதித்தேன். பாய் போன புதன்கிழமையே நடக்காத மாதிரி, "உக்காருங்க," என்றார். முதலில் பூச்சுக் கதையைச் சொன்னேன். "ரெண்டும் ஒரே மண்ணுதாங்க. ஒண்ணுல காவி ஒரு சிட்டிகை கூட. செல செவுத்துல தெரியும், செல செவுத்துல தெரியாது," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பச்சி, பச்சை, மாமியாரின் புறங்கை, முதல் குழந்தை, பெயர் வைக்காமல் போனது வரைக்கும். மன்னிக்கவேண்டும் பாய் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பொடியைச் சாக்கில் தட்டிவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பாப்பாவுக்குப் பேரு?"

"இன்னும் வைக்கலே பாய். ரெண்டு பேரு யோசிச்சு வெச்சிருக்கோம். கமலான்னு நான் சொல்றேன், அவ சரோஜான்னு சொல்றா. அஞ்சாம் மாசம் கோயில்ல வெச்சு..." என்று சொல்லி, அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்தவனாய்ச் சிரித்தேன். "காயட்டும், என்ன?"

பாய் எழுந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"செவுத்துக்குத்தாங்க காயணும். புள்ளைக்கு எதுக்கு? போங்க. இப்பவே போய் வைங்க. கடையில என்ன உக்காந்துட்டிருக்கீங்க?"

என்னைக் கையைப் பிடித்துத் தெருவில் இறக்கிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். என் சட்டையில் அவருடைய ஐந்து விரலும் ஐந்து நிறத்தில் பதிந்திருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்றார், கோயில் என்றார். என் மனைவி என் சட்டையைப் பார்த்தாள், பிறகு குழந்தையின் காதுக்குக் குனிந்து மூன்று தரம், "சரோஜா, சரோஜா, சரோஜா," என்றாள். நான் கமலாவுக்காக வாய் திறக்கவில்லை. இரண்டும் தாமரைதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடை முன் நின்று, "சரோஜா, பாய்," என்று கத்தினேன். அவர் ஒரு வாடிக்கைக்காரருக்குக் கைப்பிடி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"காஞ்சிருச்சு," என்றார்.